ஸ்கேலக்காவும் மாடியறை மேனேஜரும்

செருப்புக் கடைக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. கால் அளவெடுக்கும் பலகையை எடுத்து வரச் சொன்னார்கள். அவள் எடுக்கப் போகாமல், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு எட்டுதான். ஆனா வலது கால் அகலம். ஒன்பது போட்டாத்தான் கடிக்காது" என்றாள். ஒன்பதுதான் பொருந்தியது. அடுத்து வந்தவருக்கும் சொன்னாள், அதற்கடுத்தவருக்கும் சொன்னாள், எதுவும் தப்பவில்லை. பில் போடுகிற அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னம்மா, கண்ணுக்குள்ள ஸ்கேலை வச்சுத் தச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அன்று ஸ்கேல் ஆனவள், வயது கூடக்கூட ஸ்கேலக்கா ஆனாள். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. சம்பளச் சீட்டில் இருக்கும் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அளவு மட்டும் இல்லை, பழைய செருப்பைக் கையில் கொடுத்தால் ஆளைப் பற்றியே சொல்லிவிடுவாள். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் இப்படி நடக்கிறவர், கட்டைவிரலுக்குக் கீழே குழி விழுந்திருந்தால் அப்படி நிற்கிறவர் என்று அவளுக்கு ஒரு கணக்கு. பில் அண்ணன் அதை ஜோசியம் என்று கிண்டல் செய்வார். அவள் கண்டுகொள்ளமாட்டாள். காலையில் பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற வேலை அது. கடையில் வரிசைக்கு நாலு ஸ்டூல் உண்டு. எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு விதி, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. கால் கடுக்க நின்று நின்று, எந்தத் தூணில் எந்த உயரத்தில் சாய்ந்தால் முதுகுக்கு இதம் என்பது அவளுக்கு அத்துப்படி.

வீட்டில் நிலைமை நேர்மாறு. அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். அவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிற்று. இவளுக்கு நின்று நின்று முழங்கால் போயிற்று. வேலை முடிந்து வந்தால் அவர் கூடத்தில் தரையோடு தரையாக மல்லாந்துவிடுவார். இவள் அவருக்குப் பக்கத்திலேயே படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். நர்சிங் படிக்கிற மகள் டீ டம்ளரோடு இருவரையும் தாண்டித் தாண்டிப் போவாள்.

"ஒருத்தர் உக்காந்தே சம்பாதிக்கிறார், ஒருத்தங்க நின்னே சம்பாதிக்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரு வாரம் வேலைய மாத்திக்கிட்டா டாக்டர் செலவு மிச்சம்" என்பாள்.

"உங்கம்மா பஸ் ஓட்டினா ஊர்ல ஒருத்தன் நடக்க முடியாது" என்பார் அப்பா.

"உங்கப்பா செருப்பு வித்தாலும் அதே கதிதான்" என்பாள் அம்மா.

இப்படி ஒரு மாதிரி சந்தோஷமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஒரே மனக்குறை மேனேஜர்கள். பத்தொன்பது வருஷத்தில் ஐந்து பேரைப் பார்த்துவிட்டாள். கூட்டம் வந்தால் மாயமாகிற வித்தை ஐந்து பேருக்குமே தெரிந்திருந்தது. ஒருவர் எப்போதும் போனில் பேசிக்கொண்டிருப்பார். கஸ்டமர் பக்கத்தில் வந்தால் கையை உயர்த்தி, முக்கியமான விஷயம் என்பது போல முகத்தைச் சுருக்குவார். ஒரு நாள் காதில் வைத்திருந்த அதே போன் மணி அடித்தபோதுதான் எதிர்முனையில் இத்தனை நாளும் யாரும் இல்லை என்பது வெளிச்சமாயிற்று. இன்னொருவருக்குத் தினமும் பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற அந்த பேங்க் எங்கே இருக்கிறதென்று பில் அண்ணன் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவதாக வந்தவர்தான் அசரீரி. கம்பெனியின் பெரிய கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்து, பதவி உயர்வில் இங்கே வந்தவர். நாற்பதுக்குள்தான் வயது. மாடியில் பதினேழு படி ஏறினால் அவருடைய அறை. கடைக்குள் இருக்கிற ஆறு கேமராவும் அங்கே ஒரே திரையில் தெரியும். பக்கத்தில் ஒரு மைக். "ரெண்டாவது வரிசை, பெட்டி கீழ கிடக்குது." "வாசல் பக்கம் கஸ்டமர் நிக்கிறாங்க." "கொட்டாவி விடுறது யாரு?" என்று கூரையிலிருந்து குரல் மட்டும் வரும், ஆள் வராது. அதனால்தான் அந்தப் பெயர். இன்டர்காமில் கூப்பிட்டு, "சார், கீழ ஒரு கை கொடுங்க, சமாளிக்க முடியல" என்றால், "இதோ வரேன்" என்பார். அந்த இதோவுக்குக் காலமும் கிடையாது, நேரமும் கிடையாது.

அவர் வந்தபோதே அப்படி இல்லை. முதல் வாரம் அவரும் கீழேதான் நின்றார். ஒரு தடித்த மனிதர் வாக்கிங் ஷூ கேட்டு வந்தார். மேனேஜரே மண்டியிட்டு உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு இரண்டு காலிலும் ஷூவை மாட்டி, லேஸையும் கட்டி, "நடந்து பாருங்க சார்" என்றார். பெட்டியிலிருந்து வருகிற புது ஜோடி ஒன்றோடொன்று நூலால் கட்டியிருக்கும். அதை அறுத்துவிட்டுத்தான் போட வேண்டும். கிடங்கில் ஆயிரக்கணக்கில் பெட்டியை அடுக்கினவருக்கு அதைத் திறந்து யார் காலிலும் மாட்டிப் பழக்கம் இல்லை. அந்த மனிதர் எழுந்தார், ஒரு எட்டு எடுத்து வைத்தார், அடியற்ற மரம் போலச் சாய்ந்தார். சாய்ந்தது ஸ்கேலக்காவின் மேல். அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பாத்ரூம் செருப்பு அடுக்கு மொத்தமும் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. விழுந்தவரே சிரித்துவிட்டார். கடையே சிரித்தது. மறுநாளிலிருந்து மேனேஜர் மாடியை விட்டு இறங்கவில்லை. கீழே இருந்தவர்களும் சிரித்ததை மறந்துவிட்டு, அவர் இறங்காததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை. செருப்புக் கடைக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. பிள்ளைகளும் பெற்றவர்களுமாக, எள் போட்டால் விழ இடமில்லை. குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் போன மாதம்தான் வேறு கடைக்குப் போயிருந்தார். பதிலுக்கு ஆள் போடவில்லை. அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஸ்கேலக்காவே பின்கட்டுக்கு ஓடி, ஏணியில் ஏறி, பெட்டியை இறக்கி, திரும்பி வந்து, "இது வேண்டாம், வேற நிறம் இருக்கா?" என்ற கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஓடினாள். பன்னிரண்டு மணிக்குள் நாலு தரம் இன்டர்காமில் கூப்பிட்டாள். நாலு தரமும் "இதோ வரேன்" வந்தது.

பில் அண்ணன், "இன்னும் ரெண்டு தரம் கேளு. அரை டஜன் ஆனா ஏதாவது தள்ளுபடி தருவாரு" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பச்சைக் குடை, தோளில் துணிப்பை. வெளியே தூறல் இல்லை, ஆனாலும் உள்ளே வந்தபிறகும் குடையை மடக்க மறந்து பாதி விரித்தபடி நின்றாள். யாரையோ தேடுகிறவள் போலக் கடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மூன்றாவது வரிசைக்கு வந்து, நெரிசலில் இடிபட்டுக்கொண்டே கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள் ஸ்கேலக்கா, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு.

"ரெண்டு வேணும்க்கா. ஒண்ணு எம் பொண்ணுக்கு, ஸ்கூல் ஷூ. காலை வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்கேன்." மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். அதில் பென்சிலால் ஒரு சின்னப் பாதம். ஐந்து விரலுக்கும் நகம்கூட வரைந்திருந்தது. "மூணு வாரமா அவங்கப்பா வாங்கிட்டு வரேன், வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டே இருக்கார். வேலை அப்படி. சரி, நாமளே போயிடலாம்னு கிளம்பிட்டேன்."

"பன்னெண்டு. நகம் ரொம்ப அழகா இருக்கு" என்றாள் ஸ்கேலக்கா. "இன்னொண்ணு?"

"அவருக்குத்தான். அவருக்குத் தெரியாம வாங்கணும். பாவம், காலைலேர்ந்து ராத்திரிவரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்தா கால் வலிக்குது, கால் வலிக்குதுன்னு துடிக்கிறார். வெந்நீர்ல காலை வச்சு, அரை மணி நேரம் நான் அமுக்கிவிட்டாத்தான் அவருக்குச் சோறே இறங்கும். உள்ளங்கால்ல மெத்து மெத்துன்னு இருக்கிற மாதிரி நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுங்கக்கா."

ஸ்கேலக்காவுக்கு மனசு இளகிவிட்டது. நிற்கிறவன் வலி நிற்கிறவளுக்குத்தானே தெரியும். "இருக்கும்மா. டிரைவர், நர்ஸ், வாட்ச்மேன் எல்லாம் அதைத்தான் கேட்டு வாங்குறாங்க. சைஸ் தெரியுமா?"

அந்தப் பெண் துணிப்பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு ஷூவை எடுத்துக் கொடுத்தாள். ஸ்கேலக்கா வழக்கம்போல அதைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"வாங்கி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"தினம் போடுறாரா?"

"தினமும்தான். இன்னைக்கு மட்டும் பாலிஷ் போடணும்னு எடுத்து வச்சுட்டு, வேற ஷூவை மாட்டி அனுப்பினேன்."

அடிப்பக்கம் கம்பெனி போட்ட எண் அச்சு அழியாமல் அப்படியே இருந்தது. குதிகாலின் ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூராக நின்றது. பின்பக்கத் தோல் மட்டும் நாற்காலிக் காலில் உரசி உரசி வெளுத்திருந்தது. ஸ்கேலக்காவுக்கு மனசில் கள்ளம் கிடையாது. கண்டதைச் சொன்னாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதே. இது நிக்கிற கால் இல்ல, உக்காந்த கால். உக்காந்துட்டு, காலைப் பின்னால மடக்கி, ஆட்டிக்கிட்டே இருக்கிற கால். எங்க வீட்டுக்காரர் நாளெல்லாம் உக்காந்து பஸ் ஓட்டுறார். அவர் ஷூவே இதைவிடத் தேஞ்சிருக்கும்."

"இல்லக்கா, அவர் பெரிய கடையில மேனேஜர். கஸ்டமரை எல்லாம் அவர்தான் பார்த்துக்கணும். வேலை செய்யறவங்க யாரும் உருப்படியா செய்யறதில்லையாம், எல்லாத்தையும் அவரே..."

கூரையில் கரகரவென்று சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"மூணாவது வரிசை. மூணாவது வரிசை. பச்சைக் குடை வச்சிருக்கிற அம்மாகிட்ட என்ன அவ்வளவு பேச்சு? பேச்சைக் குறைச்சுட்டு அடுத்த கஸ்டமரைப் பாருங்க."

அந்தப் பெண் பேச்சை அப்படியே நிறுத்தினாள். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு எரிகிற கேமராவைப் பார்த்தாள். பிறகு குடையை மெல்ல மடக்கி, கேமராவுக்கு நேராக முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"எந்தக் கடைன்னு நான் சொல்லலியே" என்றாள். "இந்தக் கடைதான்க்கா. வந்ததும் தேடினேன், கீழ எங்கயும் காணோம், வெளிய போயிருக்கார்னு நினைச்சுட்டேன்."

ஸ்கேலக்கா ஒலிபெருக்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த ஷூவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சில பேருக்கு... சில பேருக்கு நின்னாலும் தேயாதும்மா. தோல் வாகு" என்று என்னவோ உளறினாள்.

மேலே மைக்கை அணைக்க மறந்திருந்தார். கடை முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்காலி பின்னுக்கு நகர்கிற சத்தம். ஏதோ டம்ளர் உருளுகிற சத்தம். பில் அண்ணன் பணத்தை நீட்டிக்கொண்டிருந்தவரை மறந்துவிட்டு மாடிப்படியையே பார்த்தார். பதினேழு படியில் ஷூ சத்தம் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் படியில் அவர் வேலை நேரத்தில் இறங்குவது அதுதான் முதல் தடவை.

பேயறைந்தவர் போல வந்து நின்றார். "நீ எப்படி... சொல்லியிருந்தா நானே..."

அவர் மனைவி சண்டை போடவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. காலியான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். "கஸ்டமரா வந்திருக்கேன். கால் மணி நேரம் நின்னுட்டேன், எனக்கே கால் வலிக்குது. பொண்ணுக்குப் பன்னெண்டாம் நம்பர் ஷூ எடுத்துட்டு வாங்க. இந்த அக்காவை அனுப்பாதீங்க, அவங்க காலைலேர்ந்து நிக்கிறாங்க."

அவர் திரும்புவதற்குள் இரண்டு பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்த ஒரு அப்பா அவரை மடக்கினார். "நீங்க கடைக்காரர்தானே? இதுல ரெண்டாம் நம்பர் இருக்கா?" அவர் பதில் சொல்வதற்குள் இன்னொரு அம்மா சட்டையையே பிடித்துவிட்டாள். "அரை மணி நேரமா கேட்டுட்டிருக்கேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கல." மேனேஜர் திருதிருவென்று விழித்தார். மனைவி ஸ்டூலில் இருந்தபடி சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பிக்க வழி இல்லை. கூட்டம் அவரை அப்படியே விழுங்கிவிட்டது.

முதல் அரை மணி நேரம் படுமோசம். மூன்று கேட்டவருக்குப் பதின்மூன்று கொடுத்தார். அழுகிற பிள்ளையிடம் "சார், உட்காருங்க" என்றார். ஒரு பையனுக்கு ஷூ மாட்டுவதற்காக மண்டியிட்டவர், பெட்டியைத் திறந்துவிட்டு, கை அப்படியே நின்றுபோய் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் வேறு யாருக்கோ அளவு பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேலக்கா அதைப் பார்த்தாள். ஏன் நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, யாருக்கும் தெரியாமல் தரையோடு நகர்த்திவிட்டாள்.

"நூலை அறுத்துட்டுப் போடுங்க சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி. அவர் அறுத்தார். ஷூ பொருந்தியது. பையன் இரண்டு தரம் குதித்துக் காட்டினான். யாரும் விழவில்லை.

அதற்குப் பிறகுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. "கறுப்பு, லேஸ் இல்லாதது, ஒண்ணாம் நம்பர்" என்று ஸ்கேலக்கா குடோன் பக்கம் கிளம்பினாள். "இருங்க, நான் போறேன்" என்று மேனேஜர் முந்திக்கொண்டு உள்ளே போனார். மூச்சு விடுகிற நேரத்தில் பெட்டியோடு திரும்பினார். அவள் அடுத்ததைச் சொன்னாள். அதுவும் வந்தது. மூன்று சைஸை ஒன்றாகச் சொல்லிப் பார்த்தாள், மூன்றும் ஒன்றாக வந்தன. கஸ்டமரிடம் பேசத் தெரியாதவருக்கு அட்டைப் பெட்டியோடு பேசத் தெரிந்திருந்தது. கிடங்கில் பல வருஷம் இருந்தவர் இல்லையா, பெட்டியின் விளிம்பில் இருக்கிற பொடி எழுத்து அவருக்குத் தூரத்திலேயே தெரிந்தது. ஏணியில் அணில் மாதிரி ஏறினார். அவள் காலைப் பார்த்துச் சொல்ல, அவர் ஓடி எடுத்து வர, மூன்றாவது வரிசையில் நின்ற கூட்டம் இரண்டு மணிக்குள் பாதியாகக் குறைந்தது. அவர் காலில் யாரோ சக்கரம் கட்டிவிட்டது போல இருந்தது.

மகளுக்கான ஷூவை மனைவி வாங்கிக்கொண்டாள். மெத்து மெத்தென்ற அந்த இன்னொரு ஜோடியையும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது வேண்டாமா?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு மாசம் போகட்டும். தேய்மானத்தைப் பார்த்துட்டு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகிற போக்கில் ஸ்கேலக்காவிடம், "இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை வெந்நீர்க்கா" என்றாள். கோபமாகச் சொல்கிறாள் என்று நினைத்து ஸ்கேலக்கா முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத்தான் கொஞ்சம் ஓய்ந்தது. பின்கட்டில் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி எல்லோரும் டீ குடித்தார்கள். மேனேஜர் சட்டை முழுக்க அட்டைத் தூசி. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

"அன்னைக்கு முதல்ல சிரிச்சது நீங்கதான்" என்றார் திடீரென்று.

ஸ்கேலக்காவுக்குச் சுருக்கென்றது. மறுக்கவில்லை. "ஆமா சார். அந்த ஆள் விழுந்தது என் மேல. சிரிக்காம என்ன செய்ய, அழுதா இன்னும் வலிக்கும். ஆனா உங்களைப் பார்த்துச் சிரிக்கல."

"எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. கேமராவுல நீங்க எல்லாம் சிரிச்சுப் பேசிட்டு நிக்கிறதைப் பார்த்தா, இன்னும் அதையேதான் பேசுறீங்கன்னு நினைப்பேன்."

"அதையா?" பில் அண்ணன் புரையேறி இருமினார். "ரெண்டு வருஷமா எங்களுக்குப் பேச வேற விஷயமே இல்லையா சார்? நாங்க பேசினது எல்லாம் நீங்க ஏன் கீழ வரமாட்டேங்கறீங்கன்னுதான்."

மேனேஜர் டீயைப் பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டார். அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் நின்றது. பார்க்க நன்றாகவே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் ஸ்கேலக்கா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். புருஷன் மட்டும் மல்லாந்தபடியே உச்சுக்கொட்டினார்.

"பாவம்டி அந்த மனுஷன்."

"யாரு, அவரா பாவம்? அப்ப நானு?"

"நீயும்தான். ஆனா வீட்டுலயும் மாட்டி, கடையிலயும் மாட்டி, ஒரே நாள்ல ரெண்டு எடத்துல ஒருத்தன் மாட்டினா பாவமில்லாம என்ன? எங்க டிப்போ ஆபீசர் பொண்டாட்டியும் ஒரு நாளு எம் பஸ்ஸுல ஏறினா நல்லா இருக்கும். எந்த ஸ்டாப்ல ஏறுவாங்கன்னுதான் தெரியல."

திங்கட்கிழமை மேனேஜர் மறுபடி மாடிக்கே போய்விடுவார் என்று பில் அண்ணன் பந்தயம் கட்டினார். ஸ்கேலக்காவும் அப்படித்தான் நினைத்தாள். காலையில் அவர் மாடிக்குத்தான் போனார். ஆனால் பதினோரு மணிக்கு, கூட்டம் சேர்ந்ததும், தானாகவே இறங்கி வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "என்ன எடுக்கணும், சொல்லுங்க அக்கா" என்றார். அதுவரை அவளை அவர் "மூணாவது வரிசை" என்றுதான் கூப்பிட்டிருந்தார். பில் அண்ணன் பந்தயத்தில் தோற்ற டீயை எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார்.

ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. கணக்குப் பார்க்கிற நாளில் மாடியேறினால் சாயங்காலம்வரை இறங்கமாட்டார். சத்தம் போடுகிற கஸ்டமர் வந்தால் குடோனுக்குள் நுழைந்து, தேவையில்லாத பெட்டியை எல்லாம் அடுக்கிக்கொண்டிருப்பார். "சார், அவர் போயிட்டார், வெளிய வாங்க" என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். ஆனாலும் கூட்ட நேரத்தில் கீழே ஒரு ஆள் கூடியிருந்தது. ஸ்கேலக்கா ஏணியில் ஏறுவது நின்றது.

பத்து நாள் கழிந்திருக்கும். மதியம் ஓய்ந்த நேரத்தில் அவள் பின்கட்டுப் பக்கம் போனபோது மேனேஜர் தலைமை அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எதிர்முனையில் நிஜமாகவே ஆள் இருந்தார்.

"இல்ல சார், கஸ்டமர் ஸ்டூல் இல்ல, வேலை செய்யறவங்களுக்கு... அஞ்சு ஸ்டூல்... விதி தெரியும் சார், அதைக் கண்ணாடி போட்டு மாட்டினதே நான்தான்... உக்காந்தா வேலை நடக்காதுன்னு யார் சார் சொன்னது, ரெண்டு வருஷம் உக்காந்துதானே இருந்தேன்... இல்ல, அதாவது, இப்ப நிக்கிறேன் சார். நின்னு பார்த்ததாலதான் சொல்றேன். ஆள் இல்லாத நேரத்துல உக்கார்ந்தா, ஆள் வரும்போது எழுந்து ஓட முடியுது... சரி சார். ரெண்டு ஸ்டூலாவது கொடுங்க."

பேரம் பேசி மூன்று ஸ்டூல் வாங்கிவிட்டார். உயரமான, முதுகுச் சாய்மானம் வைத்த ஸ்டூல். அவற்றை மாடியிலிருந்து மைக்கில் அறிவித்துத்தான் கொடுத்தார், பழக்கதோஷம். ஸ்கேலக்கா உட்கார்ந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷம் நின்ற இடத்தில் உட்கார்ந்தபோது கடையே வேறு மாதிரி தெரிந்தது. அடுக்கின் கீழ்த்தட்டில் எத்தனை தூசி இருந்தது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எழுந்து போய் அதைத் துடைத்துவிட்டு வந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு தபால்காரர் வந்தார். அவள் அவர் காலைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு, அபூர்வமாக, அளவுப் பலகையை எடுத்து வைத்துப் பார்த்தாள். இடது கால் ஏழு. வலது கால் எட்டு.

"தெரியும்மா" என்றார் அவர், சங்கடமாகச் சிரித்து. "எட்டு வாங்கி, இடதுல பஞ்சு திணிச்சுக்குவேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

நாளெல்லாம் நடக்கிற மனிதர். ஸ்கேலக்கா மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். ஜோடியைப் பிரித்து விற்கக் கூடாது என்பதும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த விதிதான். மேனேஜர் தலையைச் சொறிந்தார், கேமராவைப் பார்த்தார், குடோனுக்குள் போனார். ஏழில் ஒரு பெட்டியும் எட்டில் ஒரு பெட்டியும் கொண்டு வந்தார். தானே மண்டியிட்டு, நூலை அறுத்து, இடதில் ஏழையும் வலதில் எட்டையும் மாட்டினார். தபால்காரர் வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். இன்னொரு தரம் போய் வந்தார். பணம் கட்டும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மிஞ்சிய வலது ஏழையும் இடது எட்டையும் ஒரு பெட்டியில் போட்டு, மேனேஜர் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி, குடோனின் மேல்தட்டில் வைத்தார். சரக்குக் கணக்கில் அதை எப்படி எழுதுவது என்று தலைமை அலுவலகம் மூன்று தரம் கேட்டுவிட்டது. "ஆள் வருவாரு சார்" என்று மூன்று தரமும் பதில் சொன்னார்.

இப்போது ஸ்கேலக்கா கடையில் மட்டும் இல்லை, பஸ்ஸில், காய்கறி வாங்குகிற இடத்தில், மகளின் ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே போனாலும் வலது ஏழும் இடது எட்டுமான ஒரு ஆளைத் தேடி, காலையே பார்த்துக்கொண்டு போகிறாள். போன வாரம் புருஷன் பஸ்ஸில் ஏறிய ஒருவரை நடத்துநரிடம் சொல்லி, இறங்க விடாமல் இரண்டு ஸ்டாப் தாண்டி வரவைத்துவிட்டாள். அவள் ஊகம் பொய்யாகிப் போயிற்று. அவருக்கு இரண்டு காலும் ஏழு, இடது காலில் மட்டும் தடித்த காலுறை.